பள்ளிக்கூடம் முடிந்ததும் லாரி ஓட்டப் போகலாமா?

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்து நாலு நாள் ஆகிறது. பையன் பாஸ். மார்க்கு நடுத்தரம். திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். எதிரே கயிற்றுக் கட்டிலில் அப்பா. கதவோரம் அம்மா.

"நான் காலேஜுக்குப் போகலீங்கப்பா. லாரிக்குப் போறேனுங்க" என்கிறான் பையன்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா பேசுகிறாள்.

"ஏஞ்சாமி, பனியன் கம்பெனி இல்லையா? மில்லு இல்லையா? லாரிதானா உனக்குக் கெடச்சுது? லாரிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"மாமனும் லாரிதானுங்கம்மா ஓட்டுனாரு. இன்னைக்கு அவருகிட்ட ரெண்டு வண்டி இல்லீங்களா?"

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இது எந்த வீடு என்று தேட வேண்டாம். அவிநாசியில் உண்டு. சங்ககிரியில் உண்டு. திருச்செங்கோட்டில் தெருவுக்கு நாலு உண்டு!

யார் சொல்வது சரி? பையன் சொல்வதா? தாய் சொல்வதா?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. பாதி தவறு. லாரித் தொழில் கேவலமான தொழில் அல்ல. தாய் கலங்க வேண்டாம். ஆனால் அது அவசரத் தொழிலும் அல்ல. பையன் பறக்க வேண்டாம்.

கொங்கு நாட்டின் கால்கள்

அவிநாசி பைபாஸ் ரோட்டில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். கொங்கு நாட்டின் உழைப்பு எல்லாம் கண் முன்னே உருண்டு போகும்.

நாமக்கல் முட்டை கேரளத்துக்குப் போகிறது. ஈரோட்டு மஞ்சள் போகிறது. கோவை மோட்டார் பம்பும், கிரைண்டரும் வடக்கே போகின்றன. திருப்பூர் பனியன் பெட்டிகள் கொச்சித் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் போகின்றன. எதிர்த்திசையில் அரிசி வருகிறது. வெங்காயம் வருகிறது. வீடு கட்ட சிமெண்டும், டைல்சும் வருகின்றன.

இத்தனையும் யாருடைய கையில் வருகின்றன? லாரி டிரைவர் கையில்! அவர் ஒரு வாரம் ஸ்டீரிங்கைத் தொடவில்லை என்றால் அடுப்பு எரியாது. தறி ஓடாது. கடையில் சாமான் இராது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் எல்லாம் மானாவாரி பூமி. மழையை நம்பி ஏர் பிடித்தவர்களை மழை கைவிட்டது. அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஏர் பிடித்த கையால் ஸ்டீரிங் பிடித்தார்கள். அங்கே லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் பெருகின. சமையல் எரிவாயு ஏற்றும் டாங்கர் லாரி என்றாலே நாமக்கல் என்று பெயர் வந்தது. போர் போடும் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு என்று வடநாட்டானும் சொல்லும்படி ஆயிற்று.

கிளீனராகப் போனவர் டிரைவர் ஆனார். டிரைவர் நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு லாரி வாங்கினார். லாரிக்குச் சொந்தக்காரர் ஆனார். மாமன் கதையும் இதுதான்.

ஆகவே, "லாரியா?" என்று முகத்தைச் சுளிப்பதற்கு இந்த மண்ணில் யாருக்கும் உரிமை இல்லை!

ஜி.டி. நாயுடுவும் டிரைவர்தான்!

அவிநாசியில் இருந்து கோவைக்குப் போகிற ரோட்டுக்குப் பெயரே அவிநாசி ரோடுதான். அந்த ரோட்டில், கோவை உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்சு வரை 10.1 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டினார்கள். 2025 அக்டோபர் 9-ந் தேதி அது திறக்கப்பட்டது. அதற்கு என்ன பெயர் தெரியுமா?

"ஜி.டி. நாயுடு மேம்பாலம்!"

யார் இந்த ஜி.டி. நாயுடு? கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். பிற்காலத்தில் விஞ்ஞானி, தொழில் மேதை என்று உலகம் போற்றியது. ஆனால் 1920-ல் அவர் என்ன செய்தார்? ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் விட்டார். தாமே டிரைவராக அமர்ந்து ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து பெரிய பஸ் கம்பெனி ஆயிற்று.

"பார்த்தீர்களா? படிக்காமலே ஸ்டீரிங் பிடித்து முன்னுக்கு வந்துவிட்டாரே!" என்று பையன் துள்ளலாம்.

கொஞ்சம் பொறு, தம்பி!

அவர் பஸ் ஓட்டுவதற்கு முன்பு என்ன செய்தார் என்பதையும் கேள். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் இருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். கோவையில் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்தார். காசு காசாகச் சேர்த்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். திரும்பவும் பூட்டினார். யந்திரத்தின் குடலையே படித்துவிட்டார்.

அதன்பிறகுதான் பஸ். பஸ் ஓட்டத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. பதினேழு அல்ல!

முதலில் யந்திரத்தைப் படித்தார். பிறகு ஸ்டீரிங்கைப் பிடித்தார். பையன்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"18 வயது ஆகிவிட்டால் லாரி ஓட்டலாம்" என்று பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அது தவறு.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 18 வயது ஆனால் கார் ஓட்ட லைசென்சு வாங்கலாம். ஆனால் வாடகைக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றும் வண்டியை ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அது மட்டும் அல்ல. இலகுரக வண்டி லைசென்சு வாங்கி ஓர் ஆண்டாவது முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கனரக வண்டிக்குப் பழகுநர் லைசென்சே கிடைக்கும். டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வேண்டும்.

பிளஸ்-2 முடிக்கும் பையனுக்கு வயது 17 அல்லது 18. லாரி ஓட்ட வயது 20. நடுவிலே சுமார் 2 ஆண்டு!

இந்த 2 ஆண்டில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது.

பையன் வீட்டில் சும்மா இருக்க மாட்டான். தெரிந்தவர் லாரியில் ஏறிவிடுவான். முதல் மாதம் தார்ப்பாய் கட்டுவான். இரண்டாம் மாதம் பெட்ரோல் பங்கில் லாரியை முன்னே பின்னே நகர்த்துவான். மூன்றாம் மாதம் நடுராத்திரியில், "அண்ணனுக்குக் கண்ணைச் சொருகுதுடா. நீ கொஞ்சம் பிடிடா" என்று டிரைவர் சொல்வார். பையனுக்குத் தலைகால் புரியாது. பிடித்துவிடுவான்.

அந்த ஒரு "கொஞ்சம்" எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது!

யார் தலையில் விடியும்?

18 வயது ஆகாத பையனிடம் வண்டியைக் கொடுத்து அவன் தப்புச் செய்தால் என்ன ஆகும்?

2019-ல் திருத்தப்பட்ட சட்டம் மிகக் கடுமையானது. பையனின் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளி ஆகிறார். 25 ஆயிரம் ரூபாய் அபராதம். 3 ஆண்டு வரை ஜெயில். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. இவ்வளவோடு போகவில்லை. அந்தப் பையனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்சு கிடையாது!

யோசித்துப் பாருங்கள். 20 வயதில் நியாயமாக டிரைவர் ஆகியிருக்க வேண்டியவன், மூன்று வருஷம் முந்திக்கொள்ளப் போய், ஐந்து வருஷம் பிந்திவிடுகிறான்.

18 முடிந்து, சரியான லைசென்சு இல்லாமல் ஓட்டினாலும் ஆபத்துதான். விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பணத்தை இன்சூரன்சு கம்பெனி முதலில் கட்டினாலும், பிறகு லாரிச் சொந்தக்காரரிடம் திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது. தோட்டமும் வீடும் பறிபோகும்.

"பையன் நல்லாத்தானே ஓட்டினான்" என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. நன்றாக ஓட்டுவது வேறு. ஓட்ட உரிமை பெறுவது வேறு.

அவிநாசி மறக்காத விடியற்காலை

வயதுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு? சட்டம் எழுதியவர்களுக்குப் பையன்கள் மீது கோபமா?

இல்லை. 2020 பிப்ரவரி 20-ந் தேதி விடியற்காலையை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

பெங்களூரில் இருந்து எர்ணாகுளத்துக்கு ஒரு கேரள அரசு பஸ் போய்க்கொண்டு இருந்தது. பயணிகள் தூக்கத்தில் இருந்தார்கள். அவிநாசி அருகே வந்தபோது, கேரளப் பக்கத்தில் இருந்து டைல்சு ஏற்றி வந்த ஒரு கண்டெய்னர் லாரி, ரோட்டின் நடுத் தடுப்பைத் தாண்டி இந்தப் பக்கம் பாய்ந்தது. பஸ்சின் மீது நேருக்கு நேர் மோதியது.

19 பேர் செத்தார்கள். பஸ் டிரைவரும் கண்டக்டரும் அதில் அடக்கம்.

லாரியை ஓட்டியவர் கண் அயர்ந்துவிட்டதே காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது.

கண் அயர எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று வினாடி போதும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற லாரி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் போகும். மூன்று வினாடியில் 50 மீட்டர்! அந்த 50 மீட்டருக்கு லாரியை ஓட்டுவது யார்? யாரும் இல்லை!

ராத்திரி 2 மணிக்கு மேல் விடியும் வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும். அது இயற்கை. டீ குடித்தாலும், முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவனுடைய கண்ணும் கையும், மது குடித்தவனுடையதைப் போலத் தடுமாறும் என்று விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்துச் சொல்லி இருக்கிறார்கள். அவன் ஒரு சொட்டுக் குடித்திருக்க மாட்டான். இருந்தும் அதே தடுமாற்றம்!

வருஷக் கணக்கில் ஓட்டியவர்களையே தூக்கம் வென்றுவிடுகிறது. அப்படி இருக்க, பதினெட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? அந்த வயதில் தூக்கமும் அதிகம். துணிச்சலும் அதிகம். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற நினைப்பு எல்லாவற்றையும்விட அதிகம்.

மோட்டார் தொழிலாளருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே பாராளுமன்றம் சட்டம் செய்தது. 2025-ல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்ந்தது. அதிலும் 8 மணி நேரம் என்பது மாறவில்லை.

ஆனால் ரோட்டில்? நடைக்கு இவ்வளவு என்று படி பேசுகிறார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அடுத்த லோடு. அடுத்த லோடு கிடைத்தால் அடுத்த படி. தூக்கத்தை விற்றுத்தான் படி வாங்க வேண்டி இருக்கிறது. பையன் லாரிக்குப் போகும் முன்பு இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கிளீனர் எங்கே போனார்?

அந்தக் காலத்தில் லாரித் தொழிலுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கிளீனர் வேலை.

கிளீனர் ஐந்தாறு வருஷம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தார்ப்பாய் கட்ட, ஜாக்கி போட்டு டயர் மாற்ற, கிரீஸ் வைக்கக் கற்றுக்கொண்டார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் லாரி எப்படி இழுக்கும், மலை இறக்கத்தில் எந்தக் கியரில் வர வேண்டும், எந்த ஊரில் எவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டார். அடியும் வாங்கினார். திட்டும் வாங்கினார். சம்பளம் பெயருக்குத்தான். ஆனால் தொழில் கைக்கு வந்தது.

இன்று பல லாரிகளில் கிளீனரே இல்லை. டிரைவர் ஒருவரே போகிறார், ஒருவரே வருகிறார். கிளீனருக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று நினைத்தார்கள். காசு மிச்சம் ஆயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று!

பழைய ஏணியை எடுத்துவிட்டோம். புதிய ஏணியைப் போடவில்லை. "டிரைவர் கிடைக்கவில்லையே" என்று லாரி முதலாளிகள் அங்கலாய்க்கிறார்கள். விதைக்காதவன் அறுவடைக்குக் கதிர் அரிவாளோடு நின்றால் எப்படி?

பழைய பள்ளிக்கூடம் அப்படியே திரும்ப வர வேண்டும் என்று சொல்லவில்லை. அடியும் பட்டினியும் திரும்ப வேண்டாம். கற்றுக்கொடுக்கும் முறைதான் திரும்ப வேண்டும்.

2 ஆண்டும் வீண் அல்ல!

அப்படியானால் அந்த 2 ஆண்டில் பையன் என்ன செய்யலாம்?

விடை பக்கத்திலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அது எத்தனை ஆண்டுப் படிப்பு? சரியாக 2 ஆண்டு! டீசல் மெக்கானிக் படிப்பு ஓர் ஆண்டு. பத்தாவது தேறியவர்களே சேரலாம். கோவையிலும் திருப்பூரிலும் அரசு ஐ.டி.ஐ. உண்டு.

17 வயதில் சேருகிற பையன் வெளியே வரும்போது 20-ஐ நெருங்குகிறான். இடையிலே 18 ஆனதும் கார் லைசென்சு எடுத்துவிட்டால், ஓர் ஆண்டுக் கணக்கும் தானாகவே முடிந்துவிடுகிறது. சட்டம் போட்ட இடைவெளியும் படிப்பின் காலமும் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகின்றன.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று அப்பா கேட்கலாம். அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பையன்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024 ஆகஸ்டு 9-ந் தேதி கோவையில்தான் தொடங்கப்பட்டது. ஐ.டி.ஐ. படிப்பும் அதில் சேர்த்தி.

பிறகு கனரக லைசென்சுக்கு நல்ல பயிற்சி வேண்டும். தெருமுனையில் பத்து நாள் ஓட்டிப் பழகினால் போதாது. நாமக்கல்லில் அசோக் லேலண்டு கம்பெனி 1995-லேயே ஒரு டிரைவர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி உண்டு.

"லாரி ஓட்ட எதற்குப் படிப்பு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கேட்பவர்களுக்கு ஒரு ஆதாரமும் இருக்கிறது. சரக்கு வண்டி டிரைவர் எட்டாவது படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதை 2019-ல் எடுத்துவிட்டார்கள். படிக்காத ஏழைகளும் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

ஆனால் சட்டம் படிப்பைக் கேட்காவிட்டாலும் லாரி கேட்கிறதே!

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த லாரிகளில் என்ஜின் புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள் இருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அது என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். சரக்குக்கு "இ-வே பில்" இருக்கிறது. சுங்கச்சாவடியில் "பாஸ்டேக்" இருக்கிறது. லைசென்சு, ஆர்.சி. புத்தகம் எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டன. வடக்கே போனால் இந்தி எழுத்துகூடக் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. பிளஸ்-2 படித்த பையனுக்கு இதெல்லாம் சுலபம். அவன் படித்த படிப்பு எதுவும் வீண் போகாது.

இன்னொன்று. ஐ.டி.ஐ. படித்தவனுக்கு லாரி பிடிக்கவில்லை என்றாலும் வழி அடையாது. பட்டறை உண்டு. பஸ் டெப்போ உண்டு. கம்பெனி உண்டு. நேராக லாரியில் ஏறிவிட்டவனுக்கு, இறங்க மனம் வந்தால் எங்கே இறங்குவது?

வெளிநாட்டில் எப்படி?

ஜெர்மனியில் லாரி ஓட்டுவது ஒரு படிப்பு. பள்ளி முடித்த பையன் 3 ஆண்டு பயிற்சி பெறுகிறான். வகுப்பும் உண்டு, வேலையும் உண்டு. பயிற்சிக் காலத்திலேயே சம்பளம். ஐரோப்பாவில் தொடர்ந்து நாலரை மணி நேரம் லாரி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும். லாரியில் பொருத்திய கருவியே கணக்கு எழுதுகிறது. அதை ஏமாற்றுவது கஷ்டம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள் 18 வயதில் ஓட்டலாம். மாநிலம் விட்டு மாநிலம் போக 21 ஆக வேண்டும். டிரைவர் பஞ்சம் வந்தபோது அவர்களும் வயதைக் குறைக்க யோசித்தார்கள். 2022-ல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். அதில் 18 வயதுப் பையனைத் தனியாக விட்டுவிடவில்லை. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார, 400 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று விதித்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெரியவர்! நம் ஊர்க் கிளீனர் முறையின் நல்ல பாதியைத்தான் அவர்கள் வேறு பெயரில் கொண்டுவந்தார்கள்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

"நான் பழக்கிவிட்டால் பையன் அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுவான்" என்பார்கள் லாரி முதலாளிகள்.

ஒருவர் மட்டும் பழக்கினால் ஓடத்தான் செய்வான். எல்லாரும் பழக்கினால் எங்கே ஓடுவான்? கோவை, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று ஊருக்கு ஊர் லாரி உரிமையாளர் சங்கம் இருக்கிறது. 20 லாரிக்கு ஒரு பயிற்சிப் பையன் என்று சங்கங்கள் தீர்மானித்தால் போதும். அவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கட்டும். இன்சூரன்சு எடுக்கட்டும். 20 வயது வரை ஸ்டீரிங்கைத் தொடவிடாமல், மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கட்டும்.

செலவுதான். ஆனால் ஒரு விபத்தில் போகும் பணத்தை நினைத்துப் பார்த்தால் அது செலவே அல்ல.

பையன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாமன் இரண்டு லாரி வாங்கினார் என்பது உண்மை. எத்தனை வருஷம் ஓட்டிய பின் வாங்கினார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். டிரைவர் ஆன மறு வருஷமே பைனான்சில் கடன் வாங்கி லாரி எடுத்தவர்கள் உண்டு. தவணை கட்டுவதற்காக ராப்பகலாக ஓட்டி, உடம்பையும் லாரியையும் ஒன்றாகத் தொலைத்தவர்களும் உண்டு.

தாய்மார்களின் கவலை

"லாரிக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" தாய் கேட்ட இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

வீட்டில் இல்லாத நாட்கள் அதிகம். தீபாவளியும் பொங்கலும் ரோட்டில் கழியும். நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. கெட்ட சகவாசம் சேரும் என்ற பயம். இந்தப் பயங்கள் பொய் அல்ல.

ஆனால் தொழிலின் முகம் மாறி வருகிறது. ஒரு காலத்தில் வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் காத்துக் கிடந்தன. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்த பின் அந்த வரிச் சாவடிக் காத்திருப்பு ஒழிந்தது. 2025 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பின் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் ஆகிவிட்டது. கோடையில் என்ஜின் சூட்டில் வெந்துகொண்டே ஓட்டிய தலைமுறைக்கு இது கனவு.

தொழிலைச் சமூகம் மதித்தால், மதிப்புள்ள பையன்கள் அந்தத் தொழிலுக்கு வருவார்கள். அவர்கள் வந்தால் பயம் குறையும். பயம் குறைந்தால் பெண் கொடுப்பவர்களும் வருவார்கள். எல்லாரும் ஒதுக்கினால், கதியற்றவர்கள் மட்டுமே ஸ்டீரிங் பிடிப்பார்கள். அந்த லாரிகள் ஓடும் ரோட்டில்தான் நம் வீட்டுப் பிள்ளைகளும் பஸ்சிலும் ஸ்கூட்டரிலும் போகிறார்கள்!

அவிநாசித் தேரைப் பார்!

சித்திரை மாதத்தில் அவிநாசியில் தேர் ஓடும். தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிப்பார்கள். வடத்தைச் சிறுவனும் தொடலாம். ஆனால் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தேரைத் திருப்பி நிறுத்துகிற வேலையை விளையாட்டுப் பையனிடம் கொடுப்பார்களா? மாட்டார்கள். பல வருஷம் கூடவே நின்று பார்த்துப் பழகியவர்தான் கட்டை போடுவார். ஓடுகிற தேரைவிட, அதை நிறுத்தத் தெரிந்த கைக்கு மதிப்பு அதிகம்.

லாரியும் ஒரு தேர்தான். ஆண்டுக்கு ஒரு நாள் அல்ல, அன்றாடம் ஓடுகிற தேர்.

அதே அவிநாசிக் கோவிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. எல்லாரும் அறிந்த கதை. இரண்டு பாலகர்கள் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கியது. ஒருவன் தப்பி வந்தான். சில வருஷம் கழித்து, தப்பி வந்தவனுக்குப் பூணூல் கலியாணம். அந்த வீட்டில் மேளச் சத்தம். எதிர் வீட்டில் அழுகைச் சத்தம். அந்த வழியாக வந்த சுந்தரர் இரண்டையும் கேட்டார். பதிகம் பாடி, முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டுத் தாயிடம் கொடுத்தார்.

ரோடு என்ற முதலை விழுங்கும் பிள்ளையை மீட்டுத் தர இன்று சுந்தரர் வரப் போவது இல்லை. விழுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

ஆகவே, திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பையனிடம் அப்பா இப்படிச் சொல்லலாம்.

"லாரிக்குத்தானே போகணும்? போ, கண்ணு. நான் தடுக்கலே. ரெண்டு வருஷம் மோட்டாரைப் படி. இருபது முடியட்டும். லைசென்சைக் கையில வாங்கிட்டு வா. முதல் நாள் நானும் உங்கம்மாளும் வந்து, லாரிக்குத் தேங்காய் உடைச்சு அனுப்பி வைக்கிறோம்."

பையன் தலை நிமிர்வான். தாயும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.